எழுபத்தொரு வீதத்தில் ஒரு மலை

பூண்டுலோயா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் அன்டனின் கடை இருக்கிறது. கொஞ்சம் உடம்பு வைத்தவர்கள் பக்கவாட்டாகத்தான் நுழைய வேண்டும். பலகையில் போட்டோ கொப்பி, லெமினேட்டிங், ரீலோட் என்று மூன்றுதான் எழுதியிருக்கும். உள்ளே முப்பது நடக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவனும் அன்டன்தான், அந்த வேலை கிடைக்காதபோது ஆறுதல் சொல்பவனும் அன்டன்தான். இரண்டாவது வேலைக்கு அவன் எதுவும் வாங்குவதில்லை.

கடை போடுவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நின்றவன். அங்கே அவன் படித்து முடித்த ஒரே பாடம், அளவு என்றால் குறையும் என்பது. துணியைக் கோலில் பிடிக்கும்போது பெருவிரலை எங்கே வைத்தால் அரை அங்குலம் கடையிலேயே தங்கும் என்று அவனுக்குத் தெரியும். மரக்கறிக்காரனின் தராசுத் தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கும் என்று தெரியும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன். கூடுதலாக அளந்து கொடுத்த ஒருவனை நாற்பத்து மூன்று வயதுவரை அவன் கண்டதில்லை. கண்டிருந்தால் அவன் கடை எந்தத் தெருவில் என்று கேட்டு வைத்திருப்பான்.

ஒரு திங்கட்கிழமை பகல், தோட்டத்து மேல் டிவிசன் வீடமைப்புக் குழுவின் செயலாளர் ஜெயகாந்தன் மூச்சு வாங்க வந்து, சுருட்டிய பெரிய காகிதம் ஒன்றை மேசையில் விரித்தான்.

“அண்ணே, இருவத்தி நாலு கொப்பி வேணும். வீட்டுக்கு ஒண்ணு. ரெண்டு மணிக்குள்ள ஒரிஜினலைத் திருப்பிக் குடுக்கணும். காணி ஆபீஸ் ஐயாவோட ஜீப்பு நுவரெலியாவுக்குப் போயிரும்.”

நாலாம் நம்பர் மலையின் படம் அது. தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர், இலக்கம்தான் வேறு. அந்த நாலாம் நம்பரில் இருபத்து நாலு குடும்பத்துக்கு ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணி, வீடு கட்டிக்கொள்ள. படத்தில் இருபத்து நாலு கட்டங்கள். இடது மூலையில் நீளமாக, நெருப்புக்குச்சி போல ஒரு கோட்டுப் பெட்டி. ஏற்கனவே அங்கே நிற்கிற ஆறாம் லயம், குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக ஒட்டிக் கட்டிய அறைகளின் வரிசை. கீழே அளவிடை 1 : 500 என்று எழுதியிருந்தது.

அன்டன் பதினேழாம் இலக்கக் கட்டத்தைத் தேடி அதன்மேல் விரலை வைத்தான். அது அவன் அக்கா இராசம்மாவுக்கு. ஆறாம் லயத்தின் நாலாவது காம்பராவில்தான் அக்காவும் தம்பியும் பிறந்தார்கள். தம்பி பஸ் ஏறிப் போய்விட்டான். அக்கா இருபத்தொன்பது வருடமாகக் கொழுந்து பறித்துக்கொண்டு, புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்க, மகளோடு அதே காம்பராவில் இருக்கிறாள்.

“பெரிய பேப்பர் முடிஞ்சிருச்சு தம்பி. கண்டியிலயிருந்து இன்னும் வரல. சின்னதாக்கி அடிக்கவா?”

“எல்லாம் தெரியுமாண்ணே?”

“கொசு உக்காந்திருந்தா அதோட மீசையும் தெரியும்.”

மெசினில் A3-இலிருந்து A4-க்குச் சுருக்குகிற பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் திரையில் 71% என்று வரும். ஏன் எழுபது இல்லை, ஏன் எழுபத்தைந்து இல்லை என்று அன்டன் ஒருநாளும் கேட்டதில்லை. பதினெட்டு வருடமாக அழுத்துகிறான். விலையோடு பேரம் பேசலாம், பொத்தானோடு பேச முடியாது. இருபத்து நாலு கொப்பியும் சூடாக வந்து விழுந்தன. ஒரு கோடு கூட வெட்டுப்படவில்லை. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு ஜெயகாந்தனை அனுப்பி வைத்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இராசம்மா கடை வாசலில் நின்றாள். கொழுந்துக்காரி ஒருத்தி வேலை நாளில் பத்து மணிக்கு டவுனில் நின்றால் சாவு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. பின்னால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு மகள் பிரேமினி. பத்தாம் தரம் படிக்கிறாள். கணக்குக் கொப்பியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“தம்பி, எல்லாம் போச்சுடா.”

“யாருக்கு என்ன?”

“நெலம். வேணாங்கிறாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு கோயில் மடுவத்துல கூடி, எங்களுக்கு இந்த நெலம் வேணாம்னு எழுதிக் குடுக்கப் போறாங்க. நாளைக்கு ஐயா வந்தா சம்மதம்னு கையெழுத்து வைக்க ஒருத்தரும் இல்ல. நம்ம வைக்கலன்னா ராகலைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருமாம். அவுக லிஸ்டோட காத்துக்கிட்டு இருக்காக.”

“நீ வையி. உன் காணியை நீ வாங்கு.”

“இருவத்தி நாலும் சேந்து வச்சாத்தான் செல்லும். தனியா வச்சா காட்டிக்குடுத்தவன்னு பேரும் வாங்கணும், காணியும் கெடைக்காது. ஒரு கொய்யாக் கன்னு நட எனக்குன்னு ஒரு அடி மண்ணு இல்லடா. வந்ததும் போகுது. எல்லாம் இவ பண்ணுன வேலை.”

பிரேமினி கொப்பியைத் திறந்து மேசையில் வைத்தாள்.

நடந்தது இதுதான். யூஜினா டீச்சர், பரப்பளவும் அளவிடையும் படிப்பித்துவிட்டு, வீட்டில் ஏதாவது படம் இருந்தால் அதிலிருந்து ஆளுக்கொரு கணக்கு எழுதி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். பிரேமினியின் வீட்டில் சுவரில் ஒட்டியிருந்த ஒரே படம் மாமா அடித்துக் கொடுத்த கொப்பி. அவள் அடிமட்டம் வைத்து அளந்து, பாடப்புத்தகத்துத் தோரணையில் எழுதியிருந்தாள். ‘1 : 500 என்னும் அளவிடையில் வரையப்பட்ட படமொன்றில் செவ்வகக் காணியொன்றின் நீளம் 3.1 சென்ரிமீற்றர், அகலம் 1.6 சென்ரிமீற்றர் ஆகும். காணியின் பரப்பளவைப் பேர்ச்சில் காண்க.’ கீழே வழி. படத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் ஐந்து மீற்றர். ஆகவே பதினைந்தரை மீற்றர், எட்டு மீற்றர். பெருக்கினால் 124 சதுர மீற்றர். பேர்ச் ஒன்று இருபத்தைந்து சதுர மீற்றரும் சொச்சமும். விடை 4.9 பேர்ச். பக்கத்தில் டீச்சரின் சிவப்புப் பேனாவில் ஒரு பெரிய சரி.

அந்த விடையை அவள் வீட்டில் சத்தமாக வாசித்தாள். லயத்துச் சுவர் எவ்வளவு ரகசியம் காக்கும்? விடிவதற்குள் ஆறாம் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் இருந்த வீடெல்லாம் அடிமட்டம் எடுத்தது. இருபத்து நாலு கட்டத்திலும் அதே ஐந்து. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்திலேயே ஆறாம் லயத்து மூத்தவர் மாயாண்டி தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

“கடுதாசியில பத்து, படத்துல அஞ்சு. கடுதாசி நமக்கு வாசிக்க, படம் அவனுக வெட்ட.”

ஜெயகாந்தன் அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டான். பத்துதான், பத்துதான் என்று அவர் இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரம் சொன்னதாலேயே சந்தேகம் முற்றிவிட்டது.

அன்டன் கணக்கைப் பார்த்தான். கடைக்காரனுடைய புத்திக்கு ஒரு குணம்: குற்றத்தைப் பக்கத்து வீட்டிலிருந்துதான் தேட ஆரம்பிக்கும்.

“அடிமட்டம் எங்க வாங்குன?”

“உங்க கடையிலதான் மாமா.”

“ம். படம் வரைஞ்சவன் தூக்கத்துல வரைஞ்சிருப்பான்.”

“இருவத்தி நாலு கட்டமும் தூக்கத்துல ஒரே மாதிரி வருமா? என் கணக்கு சரி மாமா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. கணக்குப் பிழைன்னா அழிச்சிட்டுப் போயிரலாம்.” அவள் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த படத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினாள். “ஒரிஜினலும் இந்த சைஸ்தானா?”

அன்டன் மெசினின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“கொஞ்சம் பெரிசு. பேப்பர் இல்லன்னு லேசா... எழுவத்தொண்ணுல அடிச்சேன்.”

பிரேமினி அவனையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். 71 × 71. எழுதி முடித்து, விடையின் கீழே இரண்டு கோடு போட்டாள். 5041.

“பத்தாயிரத்துல அஞ்சாயிரத்து நாப்பத்தொண்ணு. பாதி, மாமா.”

“எழுவத்தொண்ணு எப்படிடி பாதியாகும்? பாதின்னா அம்பது.”

“நீளமும் எழுவத்தொண்ணுக்குச் சுருங்குது. அகலமும் சுருங்குது. நெலம் ரெண்டு பக்கமும் இருக்குல்ல.”

துணிக்கடையில் நின்றவனுக்கு அந்த இடத்தில் பொறி தட்டியது. ஹட்டனில் ஒருத்தி, முதல் தண்ணீரிலேயே சுருங்கிய பருத்தித் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டாள். நீளத்தில் மட்டும் குறைந்திருக்கிறது, வேண்டுமானால் கோல் வைத்துப் பாருங்கள் என்று மொதலாளி சமாளித்தார். அகலத்திலும்தான் போயிருக்கிறது என்று அவள் துணியைக் குறுக்கே திருப்பிக் காட்டினாள். ஒரு சுருக்கத்துக்கு இரண்டு நஷ்டம்.

அவன் மேசைக்கு அடியில் குனிந்து, மாதிரிக்கு வைத்திருந்த பழைய A3 நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்தான். நடுவில் மடித்தான். மடித்ததை ஒரு A4 தாளின் மேல் வைத்தான். மூலைக்கு மூலை பொருந்தி உட்கார்ந்தது. அப்படிப் பொருந்தும் என்பது அவனுக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஆயிரம் தரம் மடித்திருக்கிறான். ஆனால் மடித்த கைக்கும் பொத்தானை அழுத்திய விரலுக்கும் நடுவில் இத்தனை காலமாக ஒரு வார்த்தை போனதில்லை.

“பேப்பரே பாதியாத்தான் ஆகுது,” என்றான் மெதுவாக. “பாதிப் பேப்பர்ல முழு மலையையும் உக்கார வச்சிருக்கேன்.”

“அதான் மாமா எழுவத்தொண்ணு. அது ஒண்ணுதான் ரெண்டு தரம் பெருக்கினா பாதிக்கிட்ட வரும். எழுவதுன்னா குறையும். எழுவத்திரண்டுன்னா பேப்பருக்கு வெளிய போயிரும்.”

அவன் மறுபடி மடித்தான். சின்னதானது, உருவம் அதேதான். இன்னொரு தரம் மடித்தான். அதே உருவம். உள்ளங்கை அளவுக்கு வந்த பிறகும் அந்தத் தாள், தான் எந்தப் பெரிய தாளிலிருந்து வந்தோம் என்பதை மறக்கவில்லை. யாரோ ஒருவன், அன்டனுக்குப் பேர் தெரியாத ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து, இது இப்படித்தான் மடிய வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறான். அந்த யோசனை பூண்டுலோயா வரைக்கும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, அவன் மேசையில் இத்தனை வருடம் பேசாமல் கிடந்திருக்கிறது.

“என்னடா ரெண்டு பேரும் பேப்பரைப் பாத்துச் சாமி கும்புடுறீக?” என்றாள் இராசம்மா.

“பத்துதாம்மா,” என்றாள் பிரேமினி. “நமக்குப் பத்துதான். சுருங்குனது பேப்பரு.”

இராசம்மா கடைக்குள் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப எங்க நெலத்தைப் பாதியாக்குன புண்ணியவான் நீதானா?”

நாலு மணிக்கு முன்னால் அன்டன் ஷட்டரை இறக்கினான். இறக்கும்போது இரண்டு மூன்று வழிகள் மனதில் ஓடாமல் இல்லை. மெசின்மேல் போடலாம். ஜெயகாந்தன்மேல் போடலாம், அவன்தானே சரி என்றான். நிலத்தையே சுருக்குகிற கடையில் நாளைக்கு எவன் பிறப்புச் சான்றிதழ் அடிக்க வருவான்? ஆனால் ஆட்டோவில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதை முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு ஆட்டோக்காரன் சத்தமாகப் போட்ட பாட்டே தேவலை.

கோயில் மடுவத்தில், கூட்டம் கூடும் அந்தக் கொட்டகையில், ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வேண்டாம் என்கிற கடிதம் எழுதி முடிந்திருந்தது. மாயாண்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் கையெழுத்துக்குத் தயாராக இருந்தார்.

“வாங்க மொதலாளி,” என்றார். “அக்காவுக்குக் காணி வாங்கிக் குடுக்க நேராவே வந்துட்டீகளா?”

“மாயாண்டி அண்ணே, தப்பு என்னோடது. பெரிய பேப்பர் இல்லன்னு படத்தைச் சின்னதாக்கிட்டேன். அளவிடை பெரிய பேப்பருக்கு எழுதுனது. நீங்க அளந்தது சின்னப் பேப்பரை. காணி பத்துப் பேர்ச்தான்.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், ஷாமிலாவுடையது: “நேத்து வரைக்கும் கொசு மீசை தெரியும்னீகளாம்?”

மடுவம் சிரித்தது. மாயாண்டி சிரிக்கவில்லை.

“இங்க பாருங்கப்பா. அக்காவுக்கு நெலம் வேணும். தம்பி வந்து பழியை மெசின் தலையில போடுறாரு. மெசினுக்கு வாயா இருக்கு, இல்லன்னு சொல்ல?”

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பாதவன் அன்டன். மங்கிப்போன நிறத்தை ராஜநிறம் என்று விற்றவன். அன்றைக்கு முதல் தடவையாக முழு உண்மையை எடுத்துக்கொண்டு வந்தான், வாங்க ஆளில்லை. மடித்துக் காட்டக் கொண்டுவந்த நாட்காட்டித் தாள் கையில் கசங்கியது.

“மாயாண்டி மாமா,” என்றாள் பிரேமினி. கொப்பிக்குள்ளிருந்த படத்தை எடுத்து விரித்தாள். “உங்க காம்பரா முன்பக்கம் எத்தனை அடி?”

“எதுக்கு? ஊருக்கே தெரியும். பன்னண்டு.”

“ஆறாம் லயத்துல எத்தனை காம்பரா?”

“பத்து. இதென்ன, என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?”

“படத்துல இந்தா இருக்கு ஆறாம் லயம்.” மூலையிலிருந்த நெருப்புக்குச்சியின் மேல் அடிமட்டத்தை வைத்தாள். “அஞ்சு தசம் ரெண்டு சென்ரிமீற்றர். நீங்க காணிக்குச் செஞ்ச அதே கணக்கைத்தான் செய்யிறேன். அஞ்சால பெருக்கினா இருவத்தியாறு மீற்றர். அடியில சொன்னா எம்பத்தஞ்சு. பத்துக் காம்பராவுக்குப் பிரிச்சா ஆளுக்கு எட்டரை அடி.”

“எட்டரையா? போடி! என் கட்டிலே ஆறரை. அலுமாரி மூணு. அப்ப அலுமாரியில ஒரு அடி வெளியிலயா நிக்கிது?”

“படம் அப்படித்தான் சொல்லுது மாமா.”

மேசன் இராமையா அளவு நாடாவை எடுத்தார். மடுவத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஆறாம் லயத்து வாசலுக்குப் போனார்கள். முதல் காம்பராவின் மூலையில் ஷாமிலா நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ள, இராமையா அடுப்புப் புகையும் கோழிகளும் தாண்டி இழுத்துக்கொண்டு போனார். நாடா முடிந்த இடத்தில் கரிக்கோடு போட்டு மறுபடி பிடித்தார்கள். கடைசி மூலையில் நின்று அவர் கத்தினார்.

“நூத்தி இருவது!”

பிரேமினி லயத்துத் தூணில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நாடாவின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. “அஞ்சு தசம் ரெண்டை எழுவத்தொரு வீதத்துலயிருந்து முழுசாக்கினா ஏழு தசம் மூணு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். “அஞ்சால பெருக்கு. முப்பத்தாறரை மீற்றர். அடியாக்கினா...” நிமிர்ந்து கொப்பியை மாயாண்டியிடம் நீட்டினாள். கிட்டத்தட்ட 120 என்று எழுதியிருந்தது.

மாயாண்டி கொப்பியைப் பார்த்தார். இராமையா நிற்கிற இடத்தைப் பார்த்தார். நெருப்புக்குச்சிப் பெட்டியைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வருடமாக அவர் இருந்த லயம், அவர் அப்பா செத்த லயம், ஒரு அடிமட்டத்தின் கால்வாசிக்குள் ஒடுங்கி, கேட்டதும் தன் முழு நீளத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லியிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வெள்ளக்காரன் கட்டுனதுலயிருந்து இந்த லயம் ஒரு அங்குலம் அசைஞ்சதில்ல,” என்றார் கடைசியில். “அதைப் போயி எம்பத்தஞ்சு அடியாச் சுருக்கிட்டியேடா அன்டன்.”

இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஜெயகாந்தன் வேண்டாம் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இருபத்து நாலு பேரும் சம்மதம் என்று கையெழுத்து வைத்தார்கள். மாயாண்டிதான் முதலாவது. பேனாவை வைப்பதற்கு முன்னால் அதிகாரியிடம், “படம் ஒரிஜினல்தானே?” என்று கேட்டார். அதிகாரிக்கு ஏன் இத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நில அளவைக்காரர்கள் வந்து, சிவப்புப் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அன்டன் பார்க்கப் போனான். பதினேழாம் இலக்கம் நல்ல சரிவில் இருந்தது. கீழே கொத்மலைப் பக்கம் நீர்த்தேக்கம் ஒரு துண்டு மட்டும் பளபளத்தது. முளைகளுக்கு நடுவில் தேயிலைச் செடி இன்னும் அப்படியே நின்றது. இராசம்மா செடிகளுக்குள் இடுப்பளவு புதைந்து, வாய் அசைய நடந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா ஜெபமா?”

“பேசாத. முந்நூத்தி பன்னண்டு, பதிமூணு... புடுங்குறதுக்கு முன்னால எத்தனை செடின்னு எண்ணிருவோம்னு பாத்தேன். நான் கொழுந்தெடுத்த செடி.”

பிரேமினி வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாள். நிரைக்கு நிரை நாலடி, செடிக்குச் செடி இரண்டடி. செடி ஒன்றுக்கு எட்டுச் சதுர அடி. ஒரு பேர்ச்சில் முப்பத்து நாலு செடி. பத்துப் பேர்ச்சுக்கு முந்நூற்று நாற்பது. “அம்மா எண்ணுறது முந்நூத்தி நாப்பதுல வந்து நிக்கும் பாருங்க மாமா.”

நிற்கவில்லை. இராசம்மா எண்ணிக்கொண்டே போனாள். செத்துப்போன செடியின் வெற்றிடத்தையும் விடாமல் எண்ணினாள். கடைசி முளையில் வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“முந்நூத்தி எழுவத்தி நாலு.”

“தப்பா எண்ணிட்டக்கா.”

“உனக்கு நோட்டு எண்ணத் தெரியும்னா எனக்குச் செடி எண்ணத் தெரியும்டா.” மறுபடி எண்ணினாள். அதே முந்நூற்று எழுபத்து நாலு.

அன்டன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “முளையைத் தள்ளி அடிச்சிட்டானுக. சத்தம் போடாதீக. ஒரு பேர்ச் கூட வந்திருக்கு. கூட அளந்து குடுக்கிற ஒருத்தன் பிறந்தே இருக்க மாட்டான்னு நெனச்சேன்.”

முளைகளையும் சரிவையும் மாறி மாறிப் பார்த்த பிரேமினி, எழுந்து கொப்பியை இரண்டு கையாலும் தட்டையாகப் பிடித்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொப்பியின் நிழல் பாதையில், கொப்பி அளவுக்கே விழுந்தது. பிறகு கொப்பியை மெல்லச் சாய்த்தாள். நிழல் சுருங்கியது.

“மாமா, கொப்பி சுருங்குச்சா?”

“இல்ல.”

“நெழல்?”

“சுருங்குது.”

“படம் நெழல் மாதிரி மாமா. வானத்துலயிருந்து நேராக் கீழ பாத்து வரையிறது. மலை சாஞ்சு நிக்கிது.” அவள் குரல் இறங்கிவிட்டது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. “முளை சரியாத்தான் இருக்கு. படத்துல பத்துப் பேர்ச். மண்ணுல பதினொண்ணு.”

அன்டன் காலடியைப் பார்த்தான். துணிக்கோல், தராசு, அவனுடைய எழுபத்தொன்று எல்லாம் குறைத்துத்தான் சொல்லியிருக்கின்றன. இந்த மலையையும் படம் குறைத்துத்தான் சொன்னது. ஆனால் மலை, படம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு குறையவில்லை. அது பாட்டுக்கு முழுசாக நின்றிருக்கிறது, யார் எண்ணுவார்கள் என்று காத்துக்கொண்டு. நிற்கிற இடம் திடீரென்று அகலமாகிவிட்டது போல அவனுக்கு இருந்தது. ஒரு செடியைப் பிடித்துக்கொண்டான்.

இராசம்மா எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். ஏழாம் நம்பர் மலை, அதற்கு மேலே பன்னிரண்டு, பனி இறங்குகிற இடத்தில் பதினாலு.

“அப்ப ஏழாம் நம்பரும் அப்படித்தானா?”

“அது இன்னும் செங்குத்தும்மா. இன்னும் கூட.”

“பன்னண்டும்?”

“எல்லாந்தான்.”

இராசம்மா ஏழாம் நம்பரை நோக்கிக் கையை நீட்டினாள். “ஆபீஸ் படத்துல ஏழாம் நம்பர் முப்பது ஏக்கர்னு எழுதியிருக்கும்,” என்றாள். “என் முழங்காலுக்கு அது ஒருநாளும் முப்பதா இருந்ததில்ல. எனக்குத்தான் வயசாயிருச்சுன்னு நெனச்சேன்.”

காற்று கீழிருந்து ஏறி, நாலாம் நம்பர் முழுக்க இலையைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனது.

“சரி,” என்று இராசம்மா முந்தானையை உதறினாள். “படத்துல இல்லாத அந்த ஒரு பேர்ச்சுலதான் நான் கொய்யா வைக்கப் போறேன். அது எந்தப் பக்கம்னு சொல்லு.”

“அது ஒரு பக்கமா இல்லம்மா. எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாப் பரவியிருக்கு.”

“அப்ப எங்க வச்சாலும் சரிதானே,” என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து இடம் பார்க்க ஆரம்பித்தாள்.